கை வைக்காமல் உட்கார்ந்திருப்பது

என் வேலையில் மிகக் கடினமான பகுதி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆப்களின் திரைகளை வடிவமைப்பது என் தொழில். புதிதாக ஒன்றைச் செய்து முடித்ததும், அதை முன்பின் பார்த்திராத ஐந்தாறு பேரை ஒவ்வொருவராக அழைத்து, கையில் போனைக் கொடுத்து, "இந்த வேலையைச் செய்து பாருங்கள், மனதில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று சொல்வோம். அப்புறம் நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். உதவக் கூடாது. முகத்தைச் சுளிக்கவும் கூடாது. சரியான பட்டன் இருக்கும் பக்கம் கண் போவதைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா வந்திருந்தார். விவரங்களையெல்லாம் நிதானமாக நிரப்பினார். கடைசியில் 'அடுத்து' என்ற பட்டன். அது வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு மேலே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். அந்தக் கட்டமோ கீபோர்டுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அவர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை, கதவு திறக்காத வீட்டின் காலிங் பெல்லை அழுத்துவதுபோல, சற்று நீளமாக. நான்காவது முறை அழுத்திவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது தம்பி, ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல" என்றார்.

அந்தத் தப்பைச் செய்தவன் நான். மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்திருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த 'தப்பாப் பண்ணிட்டேன்' காதிலேயே ஒலித்தது. இந்தத் துறையில் எழுதப்பட்ட ஆராய்ச்சிகளை நான் ஒழுங்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க, அந்த அம்மாவுக்குத் துணையாகப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

1983-ல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் ஒரு வீடியோ எடுத்தார்கள். அந்த நிறுவனம் புதிதாக விட்டிருந்த பெரிய நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி, 'ரொம்பச் சிக்கலாக இருக்கிறது' என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்தில் என்னவோ பெரிய பச்சைப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும் என்பதுபோல் காட்டியிருந்தார்கள். மானுடவியல் ஆய்வு மாணவியாக அங்கே இருந்த லூசி சச்மன், இரண்டு பேரை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தி, காகிதத்தின் இரு பக்கமும் பிரதி எடுக்கச் சொல்லிப் படம்பிடித்தார். ஒருவர் ரொனால்ட் கேப்லன், மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் துறையில் பெரிய பெயர். இன்னொருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர், 1975-ல் கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருதை வாங்கியவர். இருவரும் திணறினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று உண்டு. ஆட்களைப் புதிர்களின் முன் உட்காரவைத்து, வாய்விட்டுச் சிந்திக்கச் சொல்லிப் பதிவுசெய்து, அதிலிருந்து மனித மூளை எப்படிப் பிரச்சினைகளைத் தீர்க்கிறது என்று எழுதிப் புகழ்பெற்றவர் இதே நியூவெல்தான். மனிதரும் கணினியும் சேர்ந்து வேலை செய்வதன் உளவியலைப் பற்றி அவர் வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1983-ல்தான். அவரே ஒரு நகல் இயந்திரத்தின் முன் நின்று முழிக்கும்போது, 'பயன்படுத்துகிறவர்களுக்கு அறிவு போதவில்லை' என்று யார் சொல்ல முடியும்?

சச்மன் அதோடு விடவில்லை. இயந்திரத்தோடு உதவித் திரை ஒன்றை இணைத்து, புதியவர்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை ஒரு பக்கமும், அதே நேரத்தில் இயந்திரத்துக்கு என்ன 'தெரிகிறது' என்பதை இன்னொரு பக்கமும் எழுதி அருகருகே வைத்துப் பார்த்தார். ஆட்கள் பேசுவது, விரலால் சுட்டுவது, சந்தேகப்படுவது, சிரிப்பது எதுவுமே இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. மூடி திறந்தது, பட்டன் அழுத்தப்பட்டது, அவ்வளவுதான் தெரியும். ஆகவே ஆள் ஒரு பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது, அது தான் நினைத்த பாதையில் அவர் வருவதாக எடுத்துக்கொண்டு அடுத்த கட்டளையைச் சொல்கிறது. எல்லாம் சரியாகப் போவதாக இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும், ஆனால் இருவரும் இருப்பது வேறு வேறு இடத்தில். இதை 1987-ல் அவர் நூலாக எழுதினார். மனிதர்கள் முழுத் திட்டத்தைத் தலையில் போட்டு வைத்துக்கொண்டு அதன்படி நடப்பதில்லை, அந்தந்த இடத்தில் கண்ணில் படுவதைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைக்கிறார்கள் என்பது அவர் வாதம். என் ஆப்பில் அந்த அம்மாவுக்குக் கண்ணில் பட்டது பட்டன். கட்டம் கண்ணில் படவேயில்லை.

*

யோசிப்பது தலைக்குள் நடக்கிற காரியம், கை அதைச் செயல்படுத்தும் வேலைக்காரன் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை ஆட்டிவைத்தது, சொன்னால் சிரிப்பீர்கள், டெட்ரிஸ் விளையாட்டைப் பற்றிய ஒரு கட்டுரை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ இருவரும் 1994-ல் வெளியிட்டது.

மேலிருந்து ஒரு துண்டு விழுகிறது. அதை எப்படித் திருப்பினால் கீழே உள்ள இடைவெளியில் பொருந்தும் என்று மனதுக்குள் திருப்பிப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அப்புறம் பட்டனை அழுத்துவதுதான் அறிவாளித்தனம் என்று தோன்றும். நன்றாக ஆடுபவர்கள் அப்படிச் செய்வதில்லை. துண்டு தலைகாட்டியதுமே சும்மா திருப்பிவிடுகிறார்கள். தேவைக்கு மேலேயே திருப்பி, மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். சில சமயம் துண்டைச் சுவர்வரை கொண்டுபோய் மோதவிட்டு, அங்கிருந்து கட்டங்களை எண்ணிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். பார்த்தால் வீண் அசைவு. ஆனால் கணக்கு வேறு. மனதுக்குள் ஒரு வடிவத்தைத் திருப்ப ஒரு விநாடிக்கு அக்கம்பக்கம் ஆகும். பட்டனைத் தட்டித் திரையிலேயே திருப்பிவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். உலகத்தையே திருப்பிப் பார்த்துவிடுவது, மனதுக்குள் திருப்புவதைவிட மலிவு. இலக்கை நோக்கிச் செய்யும் செயல் ஒன்று, தெரிந்துகொள்வதற்காகச் செய்யும் செயல் இன்னொன்று என்று அவர்கள் பிரித்தார்கள்.

இதைப் படித்த பிறகு, பரிசோதனைக்கு வருகிறவர்கள் திரையை மேலும் கீழும் காரணமில்லாமல் தள்ளுவதை நான் 'குழப்பம்' என்று குறித்துவைப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், விரலால்.

இதே பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹட்சின்ஸ் விமானியறையைப் பற்றி எழுதியது இன்னும் ஒரு படி மேலே. தரையிறங்கும்போது எந்த வேகத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது விமானியின் மூளை மட்டுமல்ல என்கிறார். வேகமானியின் விளிம்பில் நகர்த்தி வைக்கக்கூடிய சின்னச் சின்னக் குறிகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே அந்தந்த எண்ணில் வைத்துவிட்டால், எண்ணை நினைவுகூர்வது என்ற வேலை, முள் குறியைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பதாக மாறிவிடுகிறது. விமானியின் நினைவாற்றல் கூடவில்லை. அவர் செய்ய வேண்டிய வேலையின் வகை மாறிவிட்டது.

எனக்கு இதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கருவி, வேலையின் ஒரு பகுதியை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. விமானிக்கு அது வரம். ஆனால் கற்றுக்கொள்ள வந்த ஒருவரிடமிருந்து எந்தப் பகுதியை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கிக்கொள்ளக் கூடாது?

*

பள்ளியில் எனக்குக் கணினி அறிமுகமானது, குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழி வழியாக. திரை நடுவே ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், அதை ஆமை என்பார்கள். 'முன்னால் 100' என்றால் கோடு போட்டுக்கொண்டே நகரும். 'வலது 90' என்றால் திரும்பும். சதுரம் சுலபமாக வந்துவிட்டது. முக்கோணம் போடச் சொன்னார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று எனக்கு நன்றாகத் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். முன்னால் 100, வலது 60, இதை மூன்று முறை. வந்தது முக்கோணமில்லை. வாய் பிளந்த கிண்ணம் மாதிரி ஏதோ ஒன்று, பாதி அறுகோணம்.

ஆமை பழுது என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி கிண்ணம். அப்போது ஆசிரியர் வந்து பதிலைச் சொல்லவில்லை. "நீயே ஆமையா நடந்து பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு பக்கம் நடந்து முனையில் நின்று, அடுத்த பக்கத்தை நோக்கி உடம்பைத் திருப்பியபோதுதான் புரிந்தது: நான் வந்த வழியையே ஏறக்குறையத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 60 அல்ல, 120. காகிதத்தில் கோணம் உள்ளே இருக்கிறது, நடக்கிறவனுக்கு அது வெளியே இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் வெளிக்கோணம் என்றால் என் தோள்தான் முதலில் ஞாபகப்படுத்துகிறது.

அந்த ஆமைக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருந்தது எனக்கு ரொம்பப் பிறகே தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த சீமோர் பேப்பர்ட், குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1967-ல் சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்ஸைக் ஆகியோரோடு சேர்ந்து லோகோவை உருவாக்கினார். ஆமை சில ஆண்டுகள் கழித்து வந்தது, முதலில் தரையில் ஓடும் ரோபோவாக. குழந்தை தன் உடம்பை வைத்து யோசிக்க முடிகிற ஒரு பொருளைக் கணிதத்துக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம்.

பேப்பர்ட் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டு வயதுக்கு முன்பே அவருக்குக் காரின் பற்சக்கரங்கள் மேல் மோகம். பின்னால் பெருக்கல் வாய்பாட்டையும் சமன்பாடுகளையும் அந்தச் சக்கரங்கள் வழியாகத்தான் புரிந்துகொண்டாராம். சரி, அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் பற்சக்கரப் பெட்டி ஒன்று கொடுத்துவிடலாமே என்றால், கூடாது என்கிறார் அவரே. தனக்கு அது பலித்தது, தான் அதன் மேல் காதல் கொண்டிருந்ததால். காதலைப் பாடத்திட்டமாக அச்சடித்து விநியோகிக்க முடியாது. கணினி வேறு வேறு குழந்தைக்கு வேறு வேறு பொருளாக உருமாறக்கூடியது என்பதால்தான் அவர் அதன் பக்கம் வந்தார்.

ஆனால் அவருடைய பாசறையிலிருந்து கிளம்பிய பெரிய கனவுகள் எல்லாம் பலித்துவிடவில்லை. 2005-ல் அறிவிக்கப்பட்ட 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் பெரு நாடு லட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வாங்கியது. கிராமப் பள்ளிகளில் நடந்த பெரிய மதிப்பீடு ஒன்றின் முடிவு 2012-ல் வந்தது: கணக்கிலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் மாறவில்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். பெட்டியைக் கொடுத்துவிட்டோம், ஆனால் "நீயே ஆமையா நடந்து பாரு" என்று சொல்லும் ஆள் பெட்டிக்குள் இல்லை. இந்த வகை நம்பிக்கை ஒன்றும் புதிதல்ல. பள்ளிகளில் புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், எல்லாம் திரைப்படம் வழியாகத்தான் என்று தாமஸ் எடிசன் 1913-லேயே சொல்லிவிட்டார்.

*

இப்போது என் இன்னொரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் பயிற்சி ஆப் ஒன்றை வடிவமைத்தோம். ஒவ்வொரு கணக்கின் கீழும் 'குறிப்பு' என்ற பட்டன். முதல் முறை அழுத்தினால் ஒரு சின்னத் துப்பு, அடுத்த முறை முதல் படி, மூன்றாவது முறை விடையே வந்துவிடும். எங்கள் அளவுகோல்கள் எல்லாம் ஏறின. முடித்த கணக்குகள் ஏறின, தினமும் வருகிறவர்கள் ஏறினார்கள், பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. நான் அந்தப் பட்டனின் வளைவை இரண்டு பிக்சல் மாற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள், அதே வகைக் கணக்குகளைக் காகிதத்தில் கொடுத்துப் பார்த்தோம். ஆப்பில் வெளுத்து வாங்கிய ஒரு பையன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிடம் போயிருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டான்: "முதல் வரி மட்டும் சொல்லுங்க அண்ணா, மிச்சத்த நான் போட்டுருவேன்."

முதல் வரிதான் கணக்கு. மிச்சம் வெறும் கூட்டல் கழித்தல். மூன்று அழுத்தலில் நான் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது சரியாக அந்த முதல் வரியை.

இதற்கும் முன்னோடிகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் சக ஆய்வாளர்களும் 2004-ல் எழுதினார்கள்: பாடம் சொல்லித்தரும் மென்பொருளை வைத்துப் படிக்கும் மாணவர்களில் சிலர் குறிப்புப் பட்டனைத் தொடர்ந்து தட்டி விடையை வாங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தவர்கள் கற்றது குறைவு. நான் அதை வாசிக்காமல், அதற்கென்றே அழகான பட்டனைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

சுலபமாக இருப்பதும் கற்றுக்கொள்வதும் ஒன்று என்று உள்ளுக்குள் யாரோ நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை இதை நன்றாகப் பிடித்துக் காட்டியது. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள், இன்னொரு சாரார் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள், 81 சதவீதம், 75 சதவீதம் என்று. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. அதே கட்டுரையின் இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் 'எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்' என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது. என் குறிப்புப் பட்டன் ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்ததும் இந்த நம்பிக்கையைத்தான்.

இப்போது பட்டன் பேசவே ஆரம்பித்துவிட்டது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு நடந்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற சாதாரண உரையாடல் வசதி, இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் துணையோடு வடிவமைத்த வசதி, மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. பயிற்சியில் முதல் குழு 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் மற்றவர்களைவிட மேலே போனது. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, ஒன்றுமே கிடைக்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே. துப்பு மட்டும் கிடைத்த குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் முன்னேற்றமும் இல்லை. தங்களுக்கு ஏதோ குறைந்துவிட்டது என்று முதல் குழுவினருக்குத் தோன்றவுமில்லை.

இதைக் காட்டி 'ஏஐ பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே மாதிரி இயந்திரம், இரண்டு விதமான வடிவமைப்பு, இரண்டு விதமான முடிவு. இதில் யாராவது தலைகுனிய வேண்டுமென்றால் அது என்னைப் போன்ற திரை போடுகிறவன்தான்.

வடிவமைப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. 1991-ல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் இருவரும் பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆனால் ஒரு பாதிப் பேருக்கு, உறிஞ்சுகுழல் உள்ள மாதிரிப் படம் ஒன்றையும் காட்டினார்கள். காட்டப்பட்டவர்கள் கூடாது என்ற அதே உறிஞ்சுகுழலைத் தங்கள் படங்களில் மற்றவர்களைவிட அதிகமாக வரைந்து வைத்தார்கள். இப்போதெல்லாம் நான் வேலையைத் தொடங்கும் முன்பே கருவி எட்டு மாதிரித் திரைகளைப் போட்டுக் காட்டிவிடுகிறது. அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்ட பிறகு என் பேனாவுக்கு ஒன்பதாவது வழி தெரிவதில்லை. அதனால் முதல் அரைமணி நேரம் காகிதத்தில் மட்டும் கிறுக்குவது என்று வைத்திருக்கிறேன். கிறுக்கல் கோணலாக வருவதால்தான், 'ஓ, இப்படியும் போகலாமோ' என்று அது திருப்பிப் பேசுகிறது.

குறிப்புப் பட்டனை மாற்றினேன். இப்போது அதை அழுத்தினால், 'இதுவரை என்ன முயன்றாய்?' என்று ஒரு வெற்றுக் கட்டம் வருகிறது. ஏதாவது எழுதினால்தான் துப்பு. பலர் அதில் 'அஅஅ' என்று அடித்துவிட்டு நகர்கிறார்கள். அளவுகோல்கள் இறங்கின. அதை எடுத்துவிடலாமா என்று மாதம் ஒருமுறை கூட்டத்தில் பேச்சு வருகிறது. நானும் மாதம் ஒருமுறை வாதாடுகிறேன். சில மாதம் என் வாதம் எனக்கே பலவீனமாகப் படுகிறது.

போன மாதம் நண்பர் வீட்டுப் பெண் ஒருத்தி, ஒன்பது வயது, மடிக்கணினியில் ஆமையை ஓட்டிக்கொண்டிருந்தாள். சதுரம் முடிந்து முக்கோணத்துக்கு வந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு 60 என்று அடித்தாள். எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஆமை மூன்று கோடு போட்டு நின்றது.

"மாமா, முக்கோணம் வரல."

"ஆமா, வரல" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். தரையில் நேராக நாலு அடி நடந்தாள், நின்றாள், ஒரு காலைத் தூக்கியபடி தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.